நாகாபந்தியில் ஒரு சந்தகை உருளை

1

நேற்றுக் கோயமுத்தூரிலிருந்து என் சித்தப்பா மகன் சிவகுமார் போன் செய்தான். அவன் பையன் இங்கே பூனாவில், ஹடப்சரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் சேர்ந்து இன்னும் ஒரு தீபாவளிகூடக் கழியவில்லை. ஊரிலிருந்து ரயிலில் போட்டுக்கொண்டு வந்த பைக்கில், தமிழ்நாட்டு நம்பரோடு போய்க்கொண்டிருந்தவனைப் போலீஸ் நிறுத்தியிருக்கிறது. முதுகில் இருந்த பையைத் திறக்கச் சொன்னார்களாம். உள்ளே ஏதோ கம்ப்யூட்டர் சாமான். இது என்ன, யாருடையது, ரசீது எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பையன் திருதிருவென்று விழித்திருக்கிறான். பைக்கையும் பையையும் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டு, காகிதங்களோடு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள்.

"அக்கா, கவிதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அது போதும்," என்றான் சிவகுமார். கவிதா என் மகள், இங்கே போலீஸில் இருக்கிறாள்.

"சொல்ல மாட்டா."

"நீங்க இன்னும் கேக்கவே இல்லீங்களே."

"நான் கேக்கவும் மாட்டேன்."

போனை வைத்துவிட்டான். சாயங்காலத்துக்குள் கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு என்று எங்கள் சொந்தம் இருக்கிற ஊரெல்லாம் சரசுவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. பூனாவிலிருந்து நான் பேசினால் கேட்க ஆள் இல்லை. என்னைப் பற்றிப் பேசினால் மட்டும் ஊரே காது கொடுக்கிறது.

தலைக்கனம்தான். இல்லை என்று சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஊரில் இருக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடிய தூரத்தில் மகள் நின்றுகொண்டிருக்க, நானும் என் வீட்டுக்காரரும் நடுரோட்டில் வெயிலில் நின்ற கதை அது.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இங்கே வந்தோம். என் வீட்டுக்காரர் சென்னியப்பனுக்குச் சிஞ்ச்வடில் மோட்டார் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் சொல்லிக் கூட்டிவந்தார். கவிதா அப்போது இரண்டாம் வகுப்பு. இப்போது அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்தியை எவ்வளவு படித்தாலும் என் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். "பைங்கன் தாஜா ஹைங்க?" என்று கத்திரிக்காயைக் காட்டி நான் கேட்க, காய்கறிக்காரர் சிரிக்காமல் "தாஜா ஹைங்க" என்பார். அந்தத் தெருவில் பாதிப் பேர் எனக்காக 'ங்க' போடப் பழகிவிட்டார்கள். கவிதாவின் கதை வேறு. அவள் கணக்குப் போடுவது மராத்தியில், சண்டை போடுவது மராத்தியில், தூக்கத்தில் பேசுவதும் மராத்தியில். தமிழ் எங்களோடு பேசும்போது மட்டும். அதுவும் பாதியில் நின்றுவிடும். "அது பரோபர் இல்லம்மா" என்பாள், சரியில்லை என்பதற்கு. தமிழ் எழுத்துக்கூட்டிக்கூட அவளுக்குப் படிக்க வராது. இதை நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியாது. மேசை மேல் வைத்தாலும் ஆபத்தில்லை.

இங்குள்ள விண்ணப்பப் பாரங்களில் முதல் கட்டம் குலப்பெயருக்கு. பிறகு சொந்தப் பெயர். பிறகு அப்பா பெயர். நமக்கு ஏது குலப்பெயர்? பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று குமாஸ்தா பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் வீட்டுக்காரர் யோசித்துவிட்டுத் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதச் சொன்னார். அன்றிலிருந்து அவள் அரசாங்கத்துக்குச் சென்னியப்பன் கவிதா சென்னியப்பன். பெற்றது நான், முன்னாலும் பின்னாலும் நிற்பது அவர்.

எங்கள் கார் என் அண்ணன் கொடுத்த பழைய வண்டி. கோயமுத்தூர் நம்பர். அதை மகாராஷ்டிரா நம்பருக்கு மாற்ற அங்கிருந்து ஒரு தடையில்லாச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அது வந்ததும் அதில் ஒரு முத்திரை இல்லை என்றார்கள். முத்திரை வாங்கி வந்தால் சான்றிதழுக்குக் காலம் கடந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அத்தோடு விட்டுவிட்டார். அதனால் எங்கே போலீஸ் நின்றாலும் எங்கள் கார் நின்றாக வேண்டும். பூனாவில் இருக்கிற தமிழ்நாட்டு நம்பர் வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் இது பழக்கம்.

3

கல்லூரி முடித்தவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுதப்போகிறேன் என்றாள். நான் ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினேன். ஊரில் நடந்தது பூகம்பம்.

என் வீட்டுக்காரரின் அக்கா நாச்சம்மாள் பீளமேட்டில் இருக்கிறாள். பிள்ளை இல்லாதவள். கோடை விடுமுறைக்குப் போனால் கவிதாவைக் கீழே இறக்கி விடமாட்டாள். அரப்பு இலைத் தூள் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, இடியாப்பம் மாதிரிச் சந்தகை பிழிந்து, தேங்காய்ப் பாலில் வெல்லம் போட்டு ஊட்டிவிடுவாள். அப்படிப்பட்டவள் செய்தி கேட்டதும் போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"வயசுப் புள்ளைக்குப் பேண்டு மாட்டி ரோட்ல நிக்க வெக்கிறீங்களா? நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்? எந் தம்பிக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, உனக்கு எங்க போச்சு சரசு?"

கவிதா பரீட்சையில் தேறினாள். நாசிக்கில் பயிற்சி முடித்து அணிவகுப்பில் நடந்தாள். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் மராத்தி எழுத்தில் 'சென்னியப்பன்' என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அன்று அழுததை யாரும் பார்க்கவில்லை என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தை நாச்சம்மாளுக்கு அனுப்பினோம். பதில் இல்லை. கவிதா போன் செய்தால் "யாரு?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். எங்களோடு பேசுவாள், கவிதாவோடு பேசமாட்டாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

கவிதா அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைபட்டதில்லை. வேலைதான் அவளுக்கு எல்லாம். சாப்பிடும்போதும் அதே பேச்சு. சாலையை மறித்து வண்டி சோதிப்பதை இங்கே நாகாபந்தி என்பார்கள். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்துவாள்.

"மொதல்ல கையப் பாக்கோணும்மா. அப்பறம் கண்ணு. டிக்கி கடைசிலதான். எதாச்சும் சந்தேகம் வந்துச்சுன்னா கொரல் ஏறவே கூடாது. எறங்கோணும். கத்துனா அவங்களும் பயப்படுவாங்க, நம்ம ஆளுங்களும் பயப்படுவாங்க."

"நீ வீட்ல ஏன் அப்படிப் பேசறதில்ல?" என்று கேட்டேன்.

"வீட்ல சந்தேகமே இல்லியே," என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள், சேர்ந்த முதல் வாரத்திலேயே. எங்கேயும், யாரிடமும் என் பெயரைச் சொல்லாதீர்கள். அவளுடைய அப்பா அதற்குத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது எதற்கும் ஜாமீன் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

4

கவிதாவுக்குத் தனிப்பொறுப்போடு நாகாபந்தி கொடுக்க ஆரம்பித்திருந்த சமயம். நாங்கள் ஒரு கல்யாணத்துக்காகக் காரிலேயே கோயமுத்தூர் போனோம். திரும்பும் நாளில் நாச்சம்மாள் வாசலுக்கு ஒரு மூட்டையோடு வந்தாள். வெள்ளைத் துணி, கோணி ஊசியால் நெருக்கித் தைத்தது. தூக்கிப் பார்த்தால் கனம்.

"அம்மணி கையில குடுங்க," என்றாள். "அவதான் பிரிக்கோணும். நடுவுல யாரும் பிரிச்சுக் கிரிச்சுப் பாக்க வேண்டாம்."

நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை வருஷத்தில் கவிதாவைக் குறித்து அவள் வாயிலிருந்து 'அம்மணி' வந்தது அதுதான் முதல். உள்ளே என்ன என்று கேட்டால் எங்கே மனசு மாறித் திரும்ப வாங்கிக்கொள்வாளோ என்று பயம். கேட்கவில்லை. பொதுவாகவே நாம் கேட்பதில்லையே. ஊருக்குப் போகிறவரிடமும் ஊரிலிருந்து வருகிறவரிடமும் மூட்டை கொடுப்பது நம் வழக்கம். உள்ளே என்ன என்று கேட்பது கொடுத்தவரைச் சந்தேகப்படுவது போல. தெரிந்தவர் தைத்துக் கொடுத்தால் வாங்கி டிக்கியில் போடுவோம், அவ்வளவுதான்.

வழியில் ஹூப்ளியில் தங்கி, மறுநாள் விடியுமுன்னே கிளம்பி, உச்சிவேளையில் சதாரா தாண்டிப் பூனா புறவழிச் சாலைக்கு வந்தோம். டிக்கியில் மூட்டைக்குத் துணையாகத் தேங்காய், முருங்கைக்காய், ஒரு சிப்பம் புழுங்கலரிசி. நாட்டில் எங்கோ அசம்பாவிதம் நடந்து, பெரிய ஊர்களிலெல்லாம் எச்சரிக்கையாக இருந்த நேரம் அது. ரோட்டில் இரும்புத் தடுப்புகளைக் கோணல்மாணலாக நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நம்பரைப் பார்த்ததும் தடி ஓரம் காட்டியது. இது வழக்கம்தான்.

வழக்கம் இல்லாதது, தடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் மகள்.

"நம்ம அம்மணி!" என்றார் என் வீட்டுக்காரர். சந்தோஷத்தில் ஹாரன் வேறு அடித்தார். நான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன்.

கவிதா எங்களைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நரைத்த மீசைக்கார ஹவல்தாரிடம், "மாஜே ஆயி-பாபா ஆஹேத். தும்ஹீச் பகா," என்றாள். என் அம்மா அப்பா, நீங்களே பாருங்கள். சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். ஒரு சிரிப்புக்கூட இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

5

அந்த ஹவல்தார் பெயர் மோரே. மரியாதையாக வணக்கம் சொன்னார். காகிதங்களைப் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார். முருங்கைக்காயைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு மூட்டை மேல் கை வைத்தார்.

"இதில் என்ன?" என்று இந்தியில் கேட்டார்.

"தெரியாது," என்றார் என் வீட்டுக்காரர்.

"யாருடையது?"

"மகளுக்கு."

"யார் கட்டியது?"

"என் அக்கா."

"அக்கா கட்டியது, உள்ளே என்னவென்று உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது. கேட்கவில்லை."

உலகத்தில் எந்தப் போலீஸ்காரரும் நம்பமுடியாத பதில் இது. ஆனால் சத்தியம். மோரே மூட்டையை அசைக்காமல் மேலாகத் தடவினார். ஓர் இடத்தில் தையல் விட்டிருந்தது. அதன் வழியாக ஒரு சாண் கயிறு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே இரும்புக் குழாயின் விளிம்பும், அதன் வாயில் ஊற்றி இறுகிப்போன மெழுகும் தெரிந்தன. மோரே கையை எடுத்தார். விரல் நுனியில் பச்சையும் சாம்பலும் கலந்த பொடி.

இரண்டு பக்கமும் அடைத்த இரும்புக் குழாய், உள்ளே பொடி, வெளியே திரி. பட்டாசுக் கடைப் பக்கம் போகாத எனக்கே அது என்ன மாதிரி இருக்கிறது என்று தெரிந்தது.

"நீங்கள் கொஞ்சம் இப்படி வாருங்கள்," என்றார் மோரே. அதுவரை கணீரென்று இருந்த அவருடைய குரல் இறங்கியிருந்தது. நான் பயந்தது அந்தக் குழாய்க்கு இல்லை, அந்தக் குரலுக்குத்தான்.

அவர் கவிதாவிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னார். அவள் தூரத்திலிருந்தே டிக்கியை ஒருமுறை பார்த்தாள். பிறகு நடந்ததெல்லாம் அவள் மேசையில் எனக்கு நடத்திய பாடம். யாரும் ஓடவில்லை. முதலில் இரண்டு பக்கமும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். பின்னால் நின்ற லாரிக்காரர்களையும் ஸ்கூட்டர்காரர்களையும் இறங்கி நடக்கச் சொன்னார்கள். எல்லோருடைய மொபைலையும் அணைக்கச் சொன்னார்கள். தூரத்தில் கயிறு கட்டினார்கள். கவிதா எங்களிடம் வந்தாள். வந்து, என்னையும் பெற்ற தகப்பனையும் பார்த்து இந்தியில் பேசினாள், இரண்டு பேரும் அந்தப் பக்கம் போங்கள் என்று.

"ஆப் தோனோ உதர் ஜாயியே. சாவியும் சாமானும் அங்கேயே இருக்கட்டும்."

"அம்மணி, நாந்தான் சாமி," என்றார் அவர். "உங்க அத்தை குடுத்ததுடா. நானே பிரிச்சுக் காட்டிடறனே, ரெண்டு நிமிசம்."

"ஆப் உதர் ஜாயியே," என்றாள் மறுபடியும், அதே தாழ்ந்த குரலில்.

பெற்ற பெண் நம்மோடு இந்தியில் பேசினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கயிற்றுக்குப் பின்னால் கூட்டத்தோடு கூட்டமாக நின்றோம். லாரிக்காரர் ஒருவர் யாரோ மதராஸிகள் குண்டு கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் முகம் செத்துப்போனது.

கவிதா வயர்லெஸ்ஸில் பேசியது எங்கள் காதில் விழுந்தது. மராத்திதான், எனக்குப் புரியும். சந்தேகத்துக்குரிய பொருள். வெடிகுண்டுப் பிரிவு வேண்டும். கார் என் பெற்றோருடையது, பொருள் என் பெயருக்கு வந்திருக்கிறது. ஆகவே விசாரணைக்கு வேறு அதிகாரியை அனுப்புங்கள். ஒரு திணறல் இல்லாமல் சொன்னாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அந்த முதுகை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

6

அவளுக்கு மேலே இருக்கிற இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். பொருளைக் கட்டியவரிடம் கேட்க முடியுமா என்று எங்களைக் கேட்டார். மொபைல் கூடாது என்பதால் மோரேயோடு நான் பின்னால் நடந்து, ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். நாச்சம்மாள் எடுத்தாள். நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம்.

"நங்கை, அந்த மூட்டைக்குள்ள என்னங்க வெச்சீங்க?"

"பிரிச்சுட்டீங்களா? பிரிக்க வேண்டாம்னு எத்தன தடவ சொன்னேன்?"

"பிரிக்கலீங்க. போலீஸ் கேக்குது."

"எந்தப் போலீசு?"

"நம்ம கவிதாதானுங்க."

பிறகு சொன்னாள். சந்தகை பிழிகிற இரும்பு உருளை. அவளுடைய மாமியார் காலத்தது. கால்களைக் கழற்றித் தனியாகக் கட்டி உள்ளேயே வைத்திருக்கிறாள். புள்ளைக்கு முதல்முதலாக ஒரு பாத்திரம் கொடுக்கிறோம், அதை வெறுமனே கொடுக்கலாமா? அதனால் உருளைக்குள் அரப்புத் தூளை அடைத்து, கொட்டாமல் இருக்க இரண்டு பக்கமும் துணி வைத்து மெழுகு ஊற்றி, கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாள்.

வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது. கொங்கு நாட்டில் இது தெரியாத பெண்பிள்ளை உண்டா? அந்தச் சாஸ்திரம் ஒரு தேசிய நெடுஞ்சாலையை நிறுத்தும் என்று யாருக்குத் தெரியும்.

நான் சிரிப்பும் அழுகையுமாகத் திரும்பி வந்து இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அரப்பு என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? தலையைத் தேய்த்துக் காட்டினேன். சந்தகைக்குக் கையைச் சுற்றிக் காட்டினேன். கூட்டத்தில் நாலு பேர் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையப் போனார்.

"நஹீ," என்றாள் கவிதா.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். "உங்கள் அத்தையே சொல்லிவிட்டாரே, மேடம்?"

"அத்தை சொன்னது போனில், சார். மூட்டை அத்தை வீட்டை விட்டு வந்து ஒரு ராத்திரி வெளியூரில் தங்கியிருக்கிறது. உள்ளே இருப்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. வேறு யாருடைய அத்தையாவது சொல்லியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்."

அவளுக்குத் தெரியும். நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அது அரப்புத்தான் என்று எங்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அத்தை கொடுத்த சமையல் சாமானுக்கு வெடிகுண்டுப் பிரிவைக் கூப்பிட்டவள் என்று நாளைக்கு ஸ்டேஷனே சிரிக்கும் என்பதும் தெரியும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற உலகத்தில், தன் வீட்டுக் குடத்துக்கும் அதே விலை போட்டாள். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற லாரிக்காரரிடம், "ஓ மேரீ பேட்டீ ஹைங்க," என்றேன். அது என் மகள்.

பிறகு வெடிகுண்டுப் பிரிவின் வண்டி வந்தது. நாய் இறங்கியது. மூட்டையைச் சுற்றி வந்து, தையல் விட்ட இடத்தில் மூக்கை வைத்து, பலமாகத் தும்மியது. திரும்பத் தும்மியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அந்தத் தும்மல் எல்லோருக்கும் கேட்டது. கனமான உடுப்பு போட்ட ஒருவர் தனியாகப் போய், தள்ளி எடுத்து வைத்து, ஏதேதோ கருவி காட்டி, நிதானமாகப் பிரித்தார். வழியில் போன இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்து ஒவ்வொன்றையும் எழுதினார்கள். உருளையும் திருகும் மூன்று கால்களும் தார்ச் சாலையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

மோரே எட்டிப் பார்த்தார். "அரே, ஹா தர் சோர்யா," என்றார். இங்கே சேவ் பிழிகிற அச்சுக்குச் சோர்யா என்று பெயர். அவர் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம்.

ஆபத்தில்லை என்று அவர்கள் சொன்ன பிறகுதான் கவிதா பக்கத்தில் போனாள். குனிந்து, கொஞ்சம் பொடியை விரலில் தொட்டு மூக்குக்குக் கொண்டுபோனாள்.

"அத்தை," என்றாள். அன்று ரோட்டில் அவள் தமிழில் சொன்னது அது ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது எல்லோர் முன்னிலையிலும், "பரோபர் கேலம்," என்றார். சரியாகச் செய்தாய். ஆனாலும் ரொம்ப நாளைக்கு அவளை ஸ்டேஷனில் சோர்யா மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். சீட் பெல்ட் போடாததற்கு என் வீட்டுக்காரர் அபராதமும் கட்டினார். அதை எழுதியவர் மோரே. சொன்னவள் யார் என்று நான் கேட்கவில்லை.

7

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கவிதா அத்தைக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை "யாரு?" என்ற கேள்வி வரவில்லை.

"ஏனம்மணி, எம் மூட்டையையா நாய வுட்டு மோந்து பாக்கச் சொன்னே?"

"ஆமாங்கத்தை."

"நாய் என்ன சொல்லுச்சு?"

"தும்முச்சுங்க."

நாச்சம்மாள் சிரித்தது எனக்கே கேட்டது. சிரித்து முடித்து, "பெத்த அப்பனையே கார விட்டு எறக்குனவ வேற எவனுக்கும் பயப்பட மாட்டே. செரி, இரு அந்த வேலையிலயே," என்றாள். அவ்வளவுதான். சமாதானம் ஆகிவிட்டது.

அப்பன்தான் சமாதானமாகவில்லை. மகளோடு பேச்சில்லை. சொந்தப் பெண் ஊரார் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டாள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இந்தியில் ஏன் பேசினாய் என்று நான்தான் கேட்டேன். "எங்கூட இருக்கறவங்களுக்குப் புரியாத பாஷைல நான் உங்ககூடப் பேசலாமாம்மா? என்ன சொன்னேன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்ல?" என்றாள். நியாயம்தான். எனக்குத்தான் அது தோன்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோரேயைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். அந்தச் சோர்யாவில் என்னதான் பிழிவீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சுடச்சுடப் பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றிப் போட்டேன். இரண்டாவது தட்டு வாங்கும்போது அவர் என் வீட்டுக்காரரிடம் சாவகாசமாகச் சொன்னார், "சாஹேப், உங்கள் பெண்ணிடம் ஒன்று சொல்லிவையுங்கள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே வந்துவிட்டோம். மேடம் மட்டும் உள்ளேயே நின்றார். காருக்கும் உங்களுக்கும் நடுவில். வெளியே வாருங்கள் என்று நானே கூப்பிட்டேன். கேட்கவில்லை. அது சட்டமில்லை."

என் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்த முதுகைத்தானே நான் அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மூட்டை வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவளிடம் வாய் திறந்தார்.

"கயித்துக்கு உள்ள எதுக்கு அம்மணி நின்னே?"

"நான் வெளிய வந்திருந்தா நீங்க உள்ள போயிருப்பீங்கப்பா," என்றாள் அவள், சந்தகையைப் பிசைந்துகொண்டே.

அவர் தேங்காய்ப் பால் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அன்றிலிருந்து அந்தக் கதையைச் சொல்லாத நாள் இல்லை. சிஞ்ச்வட் தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில், ரயிலில், மளிகைக் கடையில், யார் அகப்பட்டாலும், "என்னையவே ரோட்ல நிக்க வெச்சவ எம் பொண்ணு," என்று ஆரம்பித்துவிடுவார்.

ஆகவே சிவகுமாரா, உன் பையனுக்காக நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. ரசீதை எடுத்துக்கொண்டு போய் நிற்கட்டும். தண்ணீர் பாட்டில் ஒன்று கொண்டுபோகச் சொல். எதிரே நிற்பது எங்கள் கவிதாவாக இருந்தால் அவளுடைய சட்டையில் பெயர் இருக்கும். மராத்தி எழுத்து, அவனுக்குப் படிக்க வராது. பக்கத்தில் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அது உன் மாமன் பெயர். அவரும் அங்கே நின்றவர்தான்.